மன்னர் முதல் கடற்படைத் தளம் வரை: நம் வணிகர்களின் பெரிய வாடிக்கையாளர்கள்

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன விற்றார்கள், எந்தத் தெருவில் கடை வைத்தார்கள் என்பதெல்லாம் பல மலர்களில் எழுதப்பட்டுவிட்டன. யாருக்கு விற்றார்கள் என்பதைத்தான் அதிகம் பேர் எழுதவில்லை. தெருவில் வருகிறவருக்குச் சோப்புக்கட்டியும் சுருட்டும் விற்பது ஒரு வியாபாரம். ஒரு கப்பலுக்கோ, படைத்தளத்துக்கோ, ஹோட்டலுக்கோ மாதக் கணக்கில் சரக்குப் போடுவது வேறு வியாபாரம். பாலிடெக்னிக்கில் எங்களுக்கு அதைக் 'கீ அக்கவுண்ட்' என்று ஒரு பாடமாக நடத்தினார்கள். நம் பெரியவர்கள் அதையே 'பெரிய வாடிக்கை' என்றார்கள்.

சங்கத்தின் பொன்விழா மலருக்காக, இன்று மொத்த வியாபாரத்தில் இருக்கும் இளையவர்களாகிய நாங்கள் அந்தப் பெரிய வாடிக்கையின் வரலாற்றைத் தொகுத்திருக்கிறோம். இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இந்தக் கதையில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய வாடிக்கை வருகிறது, வளர்கிறது, ஒருநாள் போய்விடுகிறது. போன பிறகும் நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளவே இக்கட்டுரை.

மன்னரின் வணிகர்

பினாங்கும் சிங்கப்பூரும் பெரிய துறைமுகங்கள் ஆவதற்கு முன்பே நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய சோழமண்டலக் கரை ஊர்களிலிருந்து நம்மவர்களின் மரக்கலங்கள் கெடா கரைக்குப் போய் வந்தன. கொண்டு போனது பெரும்பாலும் துணி. திரும்பி வந்தவை வெள்ளீயம், பாக்கு, யானை. இன்று கேட்டால் வியப்பாக இருக்கும். ஆனால் கெடாவில் பிடித்த யானைகளைக் கப்பலில் ஏற்றிச் சோழமண்டலக் கரையில் இறக்கி விற்றது அன்றைய பெரிய வியாபாரங்களில் ஒன்று.

இந்த வியாபாரத்தில் முதல் வாடிக்கையாளர் கெடா சுல்தான். மலாய்த் துறைமுகங்களில் வந்திறங்கும் சரக்கில் முதல் தேர்வு மன்னருக்கு உரியது. மன்னருக்காக வாங்கவும் விற்கவும் ஒருவர் பொறுப்பில் இருந்தார். அவரைச் 'சௌதாகர் ராஜா', அதாவது அரச வணிகர் என்று அழைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கெடாவில் இந்தப் பொறுப்பில் சூலியா வணிகர்கள் இருந்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அன்று வழங்கிய பெயர்தான் சூலியா.

ஓர் அந்நியர் எப்படி மன்னரின் சொந்த வணிகர் ஆனார்? அவருக்கு மலாய் தெரியும். எந்த மாதத்தில் காற்று மாறும், எந்தக் கப்பல் எப்போது வரும் என்று தெரியும். எந்த நிறத் துணி அரண்மனைக்கு ஆகும், எது சந்தைக்கு ஆகும் என்று தெரியும். வாடிக்கையாளரின் தேவையை அவர் வாய் திறந்து கேட்கும் முன்பே அறிந்து வைத்திருந்ததுதான் அவருடைய முதல். இன்று பாடப்புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதன் சாரமும் இதுதான்.

ஆனால் அரண்மனையை மட்டும் நம்பிய வியாபாரத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அரண்மனையில் கை மாறினால் வணிகரின் நிலையும் மாறும். 1786 ஆகஸ்டில் ஃபிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். அங்கே இறக்குமதித் தீர்வை இல்லை, மன்னருக்கு முதல் தேர்வும் இல்லை. சூலியா வணிகர் பலர் கடலைத் தாண்டிப் பினாங்கில் கடை போட்டார்கள். புதிய ஊரில் புதிய பெரிய வாடிக்கை காத்திருந்தது.

கம்பெனியும் படகுத்துறையும்

லைட் 1790களில் எழுதிய அறிக்கையிலேயே பினாங்கில் சூலியாக்களின் கடைகளும், ஆண்டுதோறும் கப்பலில் வந்து உழைத்துத் திரும்பும் நம் ஆட்களும் இடம்பெற்றுவிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படகும் ஆளும் சரக்கும் வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கானவர்களிடம் தனித்தனியாகப் பேச அதனால் முடியாது. ஒரு சமூகத்துக்கு ஒரு தலைவர் என்று 'கப்பித்தான்' முறை நடப்பில் இருந்தது. நம் தரப்பில் அந்தப் பொறுப்பை ஏற்றவர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீன். 1801ல் உருவான கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவருடைய பதவியின் பெயரையே தாங்கி இன்றும் நிற்கிறது.

வணிகக் கண்ணோடு பார்த்தால் கப்பித்தான் செய்த வேலை நமக்குப் பழக்கமானது. வாடிக்கையாளர் பக்கம் ஒரு குறை எழுந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு ஒரே ஒரு முகம் இருந்தது. நம் பக்கம் குறை எழுந்தாலும் அதே முகம்தான் போய்ப் பேசியது. பெரிய வாடிக்கைக்குப் பொறுப்பான ஒரே ஆள் என்ற வழக்கம் நமக்குப் புதிதல்ல.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் 1819ல் காலூன்றினார்கள். 1822ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் சூலியாக்களுக்கென்று ஒரு பகுதி குறிக்கப்பட்டது. இங்கே நம்மவர்களின் பெரிய வாடிக்கை ஐரோப்பிய வணிக நிறுவனங்கள். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குத் தோணியில்தான் சரக்கை இறக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் அந்தத் தோணித் தொழிலில் நம்மவர்கள் முன்னணியில் இருந்தார்கள். இந்தத் தொழிலில் விற்கும் பொருள் என்று எதுவும் இல்லை. ஏற்றிய மூட்டை குறையாமலும் நனையாமலும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கைதான் சரக்கு.

அந்த வருமானம் எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் தெலுக் ஆயர் வரை நடந்தால் போதும். நாம் 'பெரிய பள்ளி' என்று சொல்லும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826லும், 'குச்சுப் பள்ளி' என்ற அல் அப்ரார் பள்ளிவாசல் 1827லும் தொடங்கின. நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. ஊர் பிறந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் மூன்று நிலையங்கள். தோணிக்காரர்களும் கடைக்காரர்களும் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அதில் இருக்கிறது.

அந்த வாடிக்கையும் நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகரத் தோணித் தொழிலில் சீனர்களின் கை ஓங்கியது. 1864ல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கியபின், கரையோடு அணைந்து சரக்கு இறக்கும் வசதியும் பெருகியது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பெருகின. தோணியை விட்ட நம்மவர்கள் வேறு வழிகளில் துறைமுகத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். பலர் அங்கே கூலி வேலைக்குப் போனார்கள். சிலர் கப்பலுக்கே சரக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

கப்பல் சப்ளை கற்றுத் தந்த பாடம்

கப்பல் சப்ளை எப்படி நடக்கும் என்பது நம் இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கப்பல் நங்கூரம் போட்டதும் சப்ளைக்காரரின் ஆள் லாஞ்சில் போய் ஏறுவார். சமையல் பொறுப்பாளர் ஒரு பட்டியல் கொடுப்பார். அரிசி, பருப்பு, நெய், வெங்காயம், உயிர்க்கோழி, சோப்பு, கயிறு என்று அது நீளும். இந்திய மாலுமிகள் இருக்கும் கப்பலென்றால் அவர்களுக்கு என்ன மசாலா வேண்டும், எந்த இறைச்சி ஆகும் என்று நம்மவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் விடிவதற்குள் கப்பல் கிளம்பலாம். அதற்குள் சரக்கு ஏறியாக வேண்டும்.

பணம் உடனே வராது. கப்பல் நிறுவனத்தின் உள்ளூர் ஏஜெண்டிடம் பில்லைக் கொடுத்து, தவணை பார்த்து வாங்க வேண்டும். அதற்குள் கப்பல் எங்கோ தொலைவில் இருக்கும். சரக்கு ஏறியதற்கு ஒரே சாட்சி, பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் உள்ள அந்தத் தாள். அதனால்தான் அந்தக் காலக் கடைகளில் கணக்கப்பிள்ளைக்கு முதலாளிக்கு அடுத்த இடம். பேரேட்டில் ஒவ்வொரு கப்பலுக்கும் தனிப் பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் பற்று ஒரு புறம், வரவு ஒரு புறம். கடனைத் தவணையோடு எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை விரிவாகச் சொல்வது திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282). நம் பெரியவர்களுக்குப் பேரேடு எழுதுவது வெறும் கணக்கு வேலை அன்று, மார்க்கக் கடமையும்கூட.

இங்கே இன்னொரு பழக்கமும் கவனிக்கத் தக்கது. ஒரு கப்பல் நிறுவனத்தில் ஏஜெண்ட் ஒருவரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதாது. கப்பலில் பட்டியல் போடுகிறவர் ஒருவர், துறைமுகத்தில் அனுமதி தருகிறவர் ஒருவர், அலுவலகத்தில் பில்லைப் பாஸ் பண்ணும் குமாஸ்தா ஒருவர். மூன்று பேருக்கும் கடையைத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மாறினாலும் மற்ற இருவர் மூலம் வாடிக்கை நிற்கும்.

தளம் காலியானபோது

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தீவின் மிகப் பெரிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் படை. செம்பவாங் கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை 1938ல் திறக்கப்பட்டது. சாங்கி, செலேத்தார், தெங்கா ஆகிய இடங்களில் விமானப்படைத் தளங்கள். கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த நம்மவர்கள் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தார்கள். தளங்களின் வாசல்களைச் சுற்றி மளிகை, சாப்பாட்டுக் கடை, தையல், சலவை, பத்திரிகை என்று ஒரு கடைவீதியே வளர்ந்தது. அங்கே சம்பள நாளை வைத்துத்தான் மாதம் ஓடியது. சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தளங்களைச் சார்ந்திருந்தது. ஒரு நாடே ஒரு வாடிக்கையாளரிடம் ஐந்தில் ஒரு பங்கை வைத்திருந்தது என்று இதை நாங்கள் வாசிக்கிறோம்.

1967 ஜூலையில், எழுபதுகளின் நடுவில் தளங்களை விட்டு வெளியேறுவோம் என்று லண்டன் அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பவுண்டின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1968 ஜனவரிக்குள் தவணை 1971 மார்ச் என்று சுருங்கியது. அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ உடனே லண்டனுக்குப் பறந்தார். முடிவை மாற்ற முடியவில்லை. ஆனால் 1971 டிசம்பர் வரை ஒன்பது மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. செம்பவாங் கப்பல்துறை பெயரளவுக்கு ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டது.

போகிறவரைக் கோபித்துக்கொண்டு கதவை அறையாமல், அவர் விட்டுச் செல்வதில் நமக்கு எது பயன்படும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது வணிகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செயல். கடற்படைக் கப்பல்களை மட்டும் பழுதுபார்த்த அந்தத் துறை, ஸ்வான் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் நிர்வாகத் துணையோடு, உலகின் பல நாட்டு வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமாக மாறியது. ஒரே வாடிக்கையாளரின் இடத்தில் பல வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

தளத்து வாசலில் கடை வைத்திருந்த எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. படை வீரர் குடும்பங்கள் போனதும் கடைவீதி வெறிச்சோடியது. கடனில் சரக்கு வாங்கியவர்கள் கணக்கை முடிக்காமலே கப்பல் ஏறியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலர் ஊர் திரும்பினார்கள். நின்றவர்கள் யார் என்று பார்த்தால், தளத்துக்குப் போட்ட அதே சரக்கைப் பட்டணத்துக் கடைகளுக்கும் ஏற்கெனவே சிறிதளவாவது போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இதற்கிடையே மற்றொரு மாற்றமும் வந்தது. 1972 ஜூனில் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. மூட்டை தூக்கும் கைகளின் தேவை குறையத் தொடங்கியது. 1983ல் ஆற்றில் எஞ்சியிருந்த தோணிகளும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. நம் சங்கம் தொடங்கிய காலம் இதுதான். பழைய பெரிய வாடிக்கைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்த காலம்.

இன்றைய கணக்கு

இன்று நம் பெரிய வாடிக்கைகள் சூப்பர்மார்க்கெட் தொடர்கள், ஹோட்டல்கள், கேட்டரிங் நிறுவனங்கள், கப்பல் பட்டறைகள், ஊழியர் விடுதிகள். பெயர்கள் மாறினாலும் சூத்திரம் மாறவில்லை. நாங்கள் அனுபவத்தில் கடைப்பிடிக்கும் சிலவற்றை இங்கே பதிவு செய்கிறோம்.

முதலாவது, கடன் கணக்கு. ஒரு ஹோட்டலுக்கு மாதம் 40,000 வெள்ளிக்குச் சரக்குப் போட்டு 60 நாள் தவணை கொடுத்தால், எந்த நேரத்திலும் நம் பணம் 80,000 வெள்ளி அவர்களிடம் இருக்கும். நமக்கு மிஞ்சும் லாபம் நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த 80,000 வராமல் போனால் அதை ஈடுகட்ட இன்னும் பத்து லட்சம் வெள்ளிக்குச் சரக்கு விற்க வேண்டும். பெரிய ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் இந்தக் கணக்கைப் போடத் தவறக் கூடாது. தவணையை விலையோடு சேர்த்தே பேச வேண்டும். அதே நேரத்தில், உண்மையாகவே நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதும் நம் மார்க்கம் சொல்வதே. கொடுக்கும் அவகாசத்தையும் எழுதி வைத்துக்கொண்டால் உறவு கெடாது.

இரண்டாவது, பங்கு. மொத்த விற்பனையில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால் எங்களில் சிலர் உடனே வேறு வாடிக்கை தேடக் கிளம்பிவிடுவோம். 2020 ஏப்ரல் 7 அன்று நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு தொடங்கியபோது ஹோட்டல்களும் கேட்டரிங் நிறுவனங்களும் ஆர்டரை ஒரே வாரத்தில் நிறுத்தின. ஹோட்டலுக்கு மட்டும் போட்டவர்களின் குளிரறை நிறையச் சரக்கு தேங்கியது. மளிகைக் கடைகளுக்கும் போட்டவர்கள் மூச்சு விட்டார்கள். தளத்து வாசல் கதை அரை நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடியும் நடந்தது.

மூன்றாவது, ஆட்கள். ஹோட்டலில் சரக்கின் தரத்தைச் சொல்பவர் தலைமைச் சமையற்காரர். விலையைப் பேசுபவர் கொள்முதல் அதிகாரி. பணம் அனுப்புவது கணக்குப் பிரிவு. கப்பல் சப்ளையில் சொன்ன அதே மூன்று பேர்தான். கொள்முதல் அதிகாரி வேலை மாறிப் போனதும் வாடிக்கையும் போய்விடும் கடைகளை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் பக்கமும் முதலாளி ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கக் கூடாது. அத்தா நோயில் விழுந்த பிறகு, யாருக்கு என்ன விலை பேசியிருந்தார் என்று தெரியாமல் பிள்ளைகள் தவிப்பது நம் சமூகத்தில் அடிக்கடி நடக்கிறது.

நான்காவது, கெட்ட செய்தியை முந்திச் சொல்வது. 2023 டிசம்பரில் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதம்தான் அது நீங்கியது. தடை வந்த உடனேயே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, இத்தனை நாளுக்குச் சரக்கு இருக்கிறது, அதற்குப் பிறகு வேறு நாட்டு வெங்காயம்தான், விலை இவ்வளவு என்று சொன்னவர்கள் நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டுபோய் விற்றுத் திரும்பிய வணிகர். அல்அமீன், நம்பிக்கைக்குரியவர் என்று ஊரார் அவரை அழைத்ததை நாம் மேடைகளில் சொல்கிறோம். சரக்கு இல்லாத நாளில் உண்மை பேசும்போதுதான் அந்தச் சொல்லுக்கு நாம் அருகே போகிறோம்.

எஞ்சி நிற்பவை

கெடா அரண்மனையின் வாடிக்கை போயிற்று. கம்பெனி போயிற்று. தோணியும் தளமும் போயின. பெரிய பள்ளியும் குச்சுப் பள்ளியும் நாகூர் தர்காவும் நிற்கின்றன. மூன்றும் 1974ல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. வாடிக்கை இருந்த நாளில் அதில் ஒரு பகுதியைப் பொதுவுக்கு எடுத்து வைத்ததால் அவை நமக்குக் கிடைத்தன. நம் சங்கத்தின் கல்வி நிதியும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் பேரேடுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. கடை மூடும்போது, வீடு மாறும்போது, பெரியவர் மறைந்ததும் அலமாரியைக் காலி செய்யும்போது பழைய கணக்குப் புத்தகங்கள்தாம் முதலில் குப்பைக்குப் போகின்றன. கட்டடத்தின் வரலாற்றை அரசு காப்பாற்றும். எந்தக் கப்பலுக்கு என்ன சரக்குப் போனது, யார் பாக்கி வைத்தார், யாருக்கு மன்னிக்கப்பட்டது என்பதை நாம்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு நம் வீட்டு அலமாரிகளைத் தவிர வேறு காப்பகம் இல்லை.

ஆகவே இந்த மலரை வாசிக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய பேரேடு, பில் புத்தகம், கப்பல் முத்திரையிட்ட தாள், தளத்துக்குள் போய்வரக் கொடுத்த பாஸ் எதுவாவது இருந்தால் வீசிவிடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம். எழுத்து புரியாவிட்டால் உட்கார்ந்து வாசித்துச் சொல்லப் பழைய கணக்கப்பிள்ளைகள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்த வேலையை முடிக்க வேண்டும்.

நம் முன்னோரின் உழைப்பையும் கொடையையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நம் வணிகத்தில் ஹலாலான பரக்கத்தைத் தருவானாக. ஆமீன்.